புலம்பெயர் தமிழர் வாழ்வில் நூர்பர்க்ரிங் வலம்: ஓர் ஆய்வு

நியூ ஜெர்சியின் எடிசன் நகரில், ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு வீட்டு பேஸ்மென்ட். பிறந்தநாள் விருந்து. கேக் வெட்டிப் பிள்ளைகள் மாடிக்கு ஓடிய பிறகு, பிரியாணித் தட்டுகள் குப்பைப் பையைச் சேர்வதற்கு முன், நாற்பது தாண்டிய ஆண்களிடையே ஒரு பேச்சு எழும். அதை இக்கட்டுரையாளர் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார். முதலில் வீட்டுக் கடன் வட்டி. அடுத்து கிரீன் கார்டு வரிசை. பிறகு ஒரு சின்ன மௌனம். மௌனத்தை யாராவது ஒருவர் கலைப்பார்: “மச்சி, சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது நூர்பர்க்ரிங் போய் ஓட்டிடணும்டா.”

மேற்கண்ட வாக்கியமே இவ்வாய்வின் மூலபாடம். பாடபேதங்கள் உண்டு. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் பிரதியில் “சாகறதுக்குள்ள” என்பதற்குப் பதில் “அடுத்த ஆர்.எஸ்.யூ. வெஸ்ட் ஆனதும்” (கம்பெனிப் பங்கு கைக்கு வந்ததும்) என்று இருக்கிறது. டெக்சஸ் பிரதியில் “ஓட்டிடணும்” என்பது “கிழிச்சிடணும்” என்றாகிறது. பொருள் ஒன்றுதான்.

அறியாதவர்க்காகச் சில செய்திகள். ஜெர்மனியின் ஐஃபல் மலைப் பகுதியில், வேலையில்லாதோருக்கு வேலை தரும் திட்டமாக 1925இல் தொடங்கி 1927இல் திறக்கப்பட்டது நூர்பர்க்ரிங். அதன் வடக்குச் சுற்றான நார்ட்ஷ்லைஃப 20.832 கிலோமீட்டர். வளைவுகள் எழுபதுக்கும் மேல். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 300 மீட்டர். 1968இல் மூடுபனியிலும் மழையிலும் ஓட்டி, இரண்டாவதாக வந்தவரை நான்கு நிமிடத்துக்கு மேல் பின்தள்ளிய ஜாக்கி ஸ்டூவர்ட்தான் இதற்குப் ‘பச்சை நரகம்’ என்று பெயர் வைத்தார். 1976 ஆகஸ்ட் 1 அன்று நிக்கி லாவ்டாவின் கார் தீப்பிடித்ததும் இங்கேதான். அதன் பிறகு ஃபார்முலா ஒன் அந்தச் சுற்றுக்குத் திரும்பவில்லை.

ஃபார்முலா ஒன் அஞ்சி விலகிய இடத்துக்கு, சுற்றுலா நாட்களில், பதிவு எண் உள்ள காரும் செல்லுபடியாகும் லைசென்ஸும் வைத்திருக்கும் எவரும் போகலாம். அந்த நாட்களில் அது சட்டப்படி ஒருவழிக் கட்டணச் சாலை. வார நாளில் ஒரு சுற்றுக்கு 30 யூரோ அளவில். கார்டன் ஸ்டேட் பார்க்வேயிலும் டர்ன்பைக்கிலும் காலமெல்லாம் டோல் கட்டியே தேய்ந்த ஒரு சமூகம், விடுமுறை எடுத்துக்கொண்டு, கடல் கடந்து, இன்னொரு டோல் கட்ட ஏங்குவது ஏன்? பொருளியலால் இதை விளக்க முடியாது. சமயவியலுக்குத்தான் போகவேண்டும்.

இக்கட்டுரையின் கருதுகோள்: நூர்பர்க்ரிங் ஒரு கிரிவலப் பாதை.

சிரிப்பவர்கள் வரைபடத்தைப் பார்க்கலாம். சுற்றின் நடுவே ஒரு மலை. மலை மேல் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோட்டை. அந்த மலையைத்தான் பாதை வளைத்து வருகிறது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர், இங்கே ஏறக்குறைய 21. அங்கே வழிநெடுக அஷ்டலிங்கம். இங்கே ஹாட்ஸன்பாக், ஃப்ளூக்பிளாட்ஸ், பெர்க்வெர்க், கருஸல், பிரூன்ஷன் என்று நின்று கும்பிடத் தக்க வளைவுகள். பிரூன்ஷன் என்றால் சிற்றூற்று. அங்கேதான் கூட்டம் கூடி, யார் சறுக்குவார் என்று கேமராவோடு காத்திருக்கிறது. பௌர்ணமிக்குப் பதில் நாட்காட்டியில் குறித்த திறப்பு நாட்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திசை. நார்ட்ஷ்லைஃபயில் கடிகார முள் போகும் திசையிலேயே ஓட்டவேண்டும். அதாவது வலம்.

“அமெரிக்காவில் ரேஸ் டிராக்கே இல்லையா?” என்ற ஆட்சேபம் இங்கேதான் அடிபடுகிறது. விரிகுடாப் பகுதிக்காரருக்குத் தெற்கே மான்டரேயில் லகூனா செகா இருக்கிறது. 1957இல் கட்டியது, கார்க்ஸ்க்ரூ வளைவில் கார் ஆறு மாடிக் கட்டடத்திலிருந்து இறங்குவதுபோல் இறங்கும். டெக்சஸ்காரருக்கு ஆஸ்டினில் சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ், 2012இல் திறந்தது, 20 வளைவு, முதல் வளைவுக்கே ஒரு குன்று ஏறவேண்டும். இரண்டும் உலகத் தரம். ஆனால் இரண்டும் இடமாகச் சுற்றுபவை. ஊரில் எந்தக் கோயிலிலாவது அப்பிரதட்சணமாக ஒரு சுற்று வந்து பாருங்கள், குருக்கள் என்ன சொல்கிறார் என்று. தமிழ் மனம் அவற்றில் நிறைவு காணாததன் காரணம் இதுவே என்பது என் துணிபு. நியூ ஜெர்சிக்காரருக்கு மில்வில்லில் 2008 முதல் ஒரு டிராக் உண்டு. அதன் குறை திசையில் இல்லை. மில்வில் போனேன் என்று ஊரில் சொன்னால் “அது எங்கப்பா இருக்கு?” என்பார்கள்.

இந்த வேட்கை அமெரிக்கா வந்து பிடித்ததும் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைச் சித்தப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இன்று சுகர் லேண்டில் கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டை வந்தது. 2005 ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தார். மிஷலின் டயர்க்காரர்கள் எல்லாரும் ஒதுங்கிவிட, ஆறே கார்கள் ஓடிய பந்தயம் அது என்று சிலர் இழுப்பார்கள். நம் தரப்பு வாதம் எளிது: ஓடாதவன் வென்றதில்லை. 2025 ஜனவரியில் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து, பேஸ்மென்ட் பேச்சு இரண்டாவது பிரியாணிச் சுற்றுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

இனித் திட்டமிடல். ஃப்ரீமாண்ட் மரபில் இது ஒரு ஸ்ப்ரெட்ஷீட். நான் பார்த்த பிரதியில் ஒன்பது தாள்கள். விமானம், விடுதி, டயர் தேய்மானம், ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமியாரை வரவழைக்கும் செலவு, அதனால் பின்னால் வரக்கூடிய மறைமுகச் செலவு. கடைசி வரிசையில் ‘காப்பீடு’ என்று எழுதி எதிரே சிவப்புக் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறி நியாயமானது. விமான நிலையத்தில் எடுக்கும் சாதாரண வாடகைக் காரைச் சுற்றுக்குள் கொண்டுபோக ஒப்பந்தம் அனுமதிக்காது. நூர்பர்க் கிராமத்தில் அதற்கென்றே வாடகைக்கு விடும் கார்களை எடுக்கவேண்டும். மோதினால் காருக்கு மட்டுமன்று, வளைந்த தடுப்புக் கம்பிக்கும் அளந்து பணம் வாங்குவார்கள். தாளைத் தயாரித்தவர் ‘கிரான் டூரிஸ்மோ’ விளையாட்டில் எல்லா வளைவையும் மனப்பாடமாக அறிந்தவர். ஆனால் 880ஆம் நெடுஞ்சாலையில் அவர் ஓட்டுவது மின்சாரக் கார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே அது வேகம் குறைத்துக்கொள்ளும். பிரேக் பெடலைக் கடைசியாக எப்போது மிதித்தார் என்பது அவருக்கே நினைவில்லை.

டெக்சஸ் மரபு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆஸ்டின் அருகே எஸ்.எச். 130 சாலையில் மணிக்கு 85 மைல் சட்டப்படியே போகலாம். நாட்டிலேயே அதிக வேக வரம்பு. ஆகவே அவர்களுக்கு அவசரம் இல்லை. அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, அங்கே பிக்கப் டிரக் ஓட்ட விடுவார்களா என்பது. எள்ளி நகையாடவேண்டாம். அந்தச் சுற்றின் மகாராணி எனப்பட்ட சபீன் ஷ்மிட்ஸ், ‘டாப் கியர்’ நிகழ்ச்சிக்காக ஃபோர்டு டிரான்ஸிட் வேனையே 10 நிமிடம் 8 விநாடியில் ஓட்டி முடித்தவர்.

கிளட்ச் பிரச்சினைதான் ஆய்வின் இதயம். சுற்றுக்கு வாடகைக்கு விடும் கார்கள் பலவும் மேனுவல் கியர். நம்மவர் கடைசியாக கிளட்ச் மிதித்தது ஆர்.டி.ஓ. மைதானத்தில், மாருதி 800இல் ‘எச்’ போட்டபோது. அந்த டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருந்தன. ஆகவே அன்று லைசென்ஸ் வாங்கியது யாருடைய கால் என்பது இன்றுவரை தீராத வழக்கு. தவிர, ஊரில் கியர் போட்டது இடது கை. ஜெர்மனியில் வலது கை போடவேண்டும். இடது கை கற்ற வித்தையை வலது கை அறியாது. இருபது வருட ஆட்டோமேட்டிக் வாழ்வில் இரண்டுமே காபிக் கோப்பை பிடிக்கத்தான் பழகியிருக்கின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் நமக்கு முன்னனுபவம் உண்டு. நார்ட்ஷ்லைஃபயில் மெதுவாகப் போகிறவர் வலது ஓரம் ஒதுங்கி, வலது இண்டிகேட்டர் போட்டால், “உன்னைப் பார்த்துவிட்டேன், கடந்து போ” என்று அர்த்தம். திருச்சி ரோட்டில் நம் லாரி டிரைவர் வலது இண்டிகேட்டர் போடுவதற்கும் பல நேரம் அதே அர்த்தம்தான். அவர் எந்தப் பக்கமும் திரும்பப் போவதில்லை. ஐஃபல் மலையும் உளுந்தூர்பேட்டையும் தனித்தனியே கண்டடைந்த இந்த ஒற்றுமை மொழியியலாளர் கவனத்துக்கு உரியது.

அடுத்தது விசா. இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு ஷெங்கன் விசா வேண்டும், அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். போவது பெரிதில்லை, திரும்பவேண்டும். எச்1பி ஸ்டாம்பிங் காலாவதியாகியிருந்தால், கனடா, மெக்சிகோ போய் 30 நாளுக்குள் வருகிறவருக்குப் பெரும்பாலும் சலுகை உண்டு. ஜெர்மனிக்கு அது செல்லாது. “பச்சை நரகத்துக்குள்ள போயிடலாம் மச்சி, பச்சை அட்டை இல்லாம திரும்பி வர்றதுதான் கஷ்டம்” என்றார் எடிசன் நண்பர். அவர் சிரிக்கவில்லை.

மேற்கண்ட அனைத்தையும் வென்றாலும் ஒரு கேள்வி எஞ்சும். அதைக் கேட்டவர் அந்த நண்பரின் மனைவி, பேஸ்மென்ட் படிக்கட்டில் நின்று, கையில் குப்பைப் பையோடு: “ஏங்க, கிளம்புன இடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்குங்க ஜெர்மனி வரைக்கும் போகணும்?”

கிரிவலத்துக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம் என்று நான் குறுக்கிட்டேன். “அங்க புண்ணியம் கிடைக்குது” என்றார். என் கருதுகோளில் அதற்கு விடை இல்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சுற்றுலா நாட்களில் முழுச் சுற்றும் ஓட்ட விடுவதில்லை. கடைசி நேர்ப்பாதையிலேயே வெளியே அனுப்பி, வாயிலைத் தாண்டி மறுபடி உள்ளே வரச் சொல்வார்கள். பிரதட்சணம் பூர்த்தியாவதே இல்லை. இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

கள ஆய்வின் முடிவு: கிரீன் கார்டு வந்த வருடம் எடிசன் நண்பர் கிளம்பியே விட்டார். ஜெர்மனிக்கே போனார். தங்கை மகள் காதுகுத்துக்கு, குடும்பத்தோடு, ஃபிராங்ஃபர்ட் வழியாகச் சென்னைக்கு. ஷெங்கன் விசா எடுக்காததால் டிரான்ஸிட் கூடத்தைத் தாண்ட முடியவில்லை. சின்னவனைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, கூடத்தை ஐந்து முறை சுற்றினாராம். எந்தத் திசையில் என்று கேட்டேன். வலமாகத்தான் என்றார்.

ஆய்வு தொடர்கிறது. எடிசன், பிஸ்காட்டவே பக்கம் மேனுவல் கியர் கார் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் எதுவும் இருந்தால் தகவல் சொல்லவும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலியான பார்க்கிங் லாட் போதும். கிளட்ச் தேய்மானத்துக்கு ஃப்ரீமாண்ட் தாளில் ஒரு வரிசை ஒதுக்கியாயிற்று.