விசா மையம் எத்திணை? தொல்காப்பிய நெறியில் ஓர் ஆராய்ச்சி

விசா விண்ணப்ப மையம் எந்தத் திணையில் அடங்கும் என்ற கேள்வியைத் தமிழறிஞர் எவரும் இதுவரை எழுப்பியதாகத் தெரியவில்லை. எழுப்பியிருக்க வேண்டியவர்கள் மகனையோ மகளையோ பார்க்கப் போவதற்காக டோக்கன் வாங்கி அந்த மையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது காரணமாகலாம். அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. சென்னையில் ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வரும் மக்களே இதற்குச் சான்று.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், ஏசி போட்ட ஒரு கூடமும் அதில் வரிசையாகப் போட்ட நாற்காலிகளும். சிறுபொழுது, அப்பாயின்ட்மென்ட் தாளில் அச்சிட்ட நேரம். பெரும்பொழுது ஏப்ரலும் மேயும். நம் பள்ளி விடுமுறையும் ஐரோப்பாவின் வெயிலும் கைகோக்கும் காலம் அது. கருப்பொருளுள் தெய்வம் தூதரகம். அதை எவரும் கண்டதில்லை. பறை, டோக்கன் எண்ணைக் கூவும் ஒலிபெருக்கி. தொழில், ஜெராக்ஸ் எடுத்தல். புள்ளும் விலங்கும் உள்ளே அனுமதிக்கப்படுவதில்லை. பெரிய பையும் அப்படியே.

உரிப்பொருளில்தான் சண்டை. நாற்காலியில் அமர்ந்து ஆற்றியிருப்பதே இங்கு ஒழுக்கம், எனவே இது முல்லை என்பது ஒரு சாரார் துணிபு. மறு சாரார் இது பாலையே என்பர். அவர்கள் காட்டும் சான்று வலியது. பாலைக்குத் தொல்காப்பியம் தனி நிலம் வகுக்கவில்லை. விசா மையத்துக்கும் தனி நிலம் கிடையாது: அது தூதரகமும் அன்று, வெளிநாடும் அன்று, வாசலைத் தாண்டினால் டீக்கடை. அதோடு, பாலைக்கு உரிய பிரிவின் வகைகளைத் தொல்காப்பியர் முன்பே வகுத்து வைத்திருக்கிறார். ஓதற்பிரிவு மாணவர் விசா. பொருள்வயிற் பிரிவு வேலை விசா. தூதிற் பிரிவுக்குத் தனிப் பாஸ்போர்ட்டே உண்டு. கடல்வழிச் செலவில் தலைவியை உடன் கொண்டு போகும் வழக்கம் இல்லை என்று அவர் விதித்திருப்பதால், டிப்பெண்டென்ட் விசா மட்டும் இலக்கண வழு ஆகிறது. இதை வழுவமைதியாகக் கொள்க. ஈஃபில் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கென்று ஒரு பிரிவு எந்த நூலிலும் இல்லை. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இனித்தான் வரவேண்டும்.

இரு சாராரும் ஒன்றைக் கவனிக்கத் தவறினர் என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. அகத்திணைத் தலைவன் கார்காலம் தொடங்குமுன் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போவான். வாய்ச்சொல்தான், சீல் இல்லை. தலைவியும் நம்பினாள். விசா மையத்திலும் கேள்வி அதுவே: திரும்புவாயா? ஆனால் கேட்பவள் வீட்டில் இருக்கும் தலைவி அல்லள், போகிற நாடு. அவன் வராமல் போய்விடுவானோ என்பது தலைவியின் கவலை. வந்தவன் போகாமல் இருந்துவிடுவானோ என்பது அந்த நாட்டின் கவலை. மையத்தின் கவுன்ட்டரில் நீட்டப்படும் அத்தனை தாளும் இந்த ஒரு கவலைக்கு மருந்து.

பட்டியலைப் பாருங்கள். அலுவலகத்தில் தரும் விடுப்புக் கடிதம், இன்ன தேதியில் இவர் மறுபடி வேலைக்கு வந்துவிடுவார் என்கிறது. வருமான வரிக் கணக்கு, இவருக்கு ஊரில் பிழைப்பு உண்டு என்கிறது. வீட்டுப் பத்திரத்தின் நகலைக்கூடச் சிலர் சேர்த்து வைக்கிறார்கள். அரை கிரவுண்டை விட்டுவிட்டு எந்தத் தமிழன் ஓடிப்போவான்? வங்கிக் கணக்கு அறிக்கையில் கிளையின் முத்திரையும் கையெழுத்தும் வேண்டும். அதில் ஆறு மாதமாகப் பத்தாயிரத்தைத் தாண்டாத இருப்பு, விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மைத்துனர் போட்ட மூன்று லட்சத்தால் திடீரென்று வீங்கியிருந்தால், தூதரகம் அதைக் கண்டுகொள்ளும். போக வர டிக்கெட் முன்பதிவு கேட்பார்கள். விசா வராமல் டிக்கெட்டுக்குப் பணம் கட்ட எவருக்கும் துணிச்சல் வராது. இந்த இடைவெளியில்தான் டிராவல் ஏஜென்டுகளின் டம்மி டிக்கெட் என்ற இலக்கிய வகை பிறந்தது.

உச்சம் பயணக் காப்பீடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும். மருத்துவச் செலவு மட்டுமின்றி, இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் அதில் அடங்க வேண்டும். உயிரோடு திரும்புவேன் என்று சொன்னால் போதாது. இல்லாமல் போனாலும் திரும்புவேன் என்று உறுதி தரவேண்டும். சங்கத் தலைவர்களில் எவரும் இவ்வளவு தூரம் வாக்குக் கொடுத்ததில்லை.

திரும்பியவனை நம்பலாம் என்ற நியாயத்தையும் ஐரோப்பிய ஒன்றியம் எழுதியே வைத்திருக்கிறது. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு ஒரு விதி வந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு ஆண்டு விசா கிடைக்கும். அதையும் ஒழுங்காக முடித்தால் ஐந்து ஆண்டு. சொன்ன சொல் தவறாத தலைவனுக்குக் காலம் கூடக் கூட மதிப்பு ஏறும் என்க.

இனி வாயில்கள். அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே பாணனும் பாங்கனும் தோழியும் போய்வருவார்கள். செய்தியைச் சேர்ப்பதே அவர்கள் வேலை. கதவைத் திறப்பது அவர்கள் கையில் இல்லை. விசா மையம் இத்தகைய வாயில். ஐரோப்பிய ஒன்றியத்தின் விசாச் சட்டம் இதில் கறார்: விண்ணப்பத்தை ஆராய்வதும் முடிவெடுப்பதும் விசா ஒட்டுவதும் தூதரகத்தின் வேலை மட்டுமே, வெளி நிறுவனம் அதைத் தொடக்கூடாது. அந்த நிறுவனம் வாங்கும் சேவைக் கட்டணமும் விசாக் கட்டணத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை.

இந்த வாயில் தொழில் பிறந்தது ஐரோப்பாவில் அன்று, மும்பையில். 2001-இல் அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் விசாக் காகித வேலையை ஏற்றுக்கொண்டு தொடங்கியதுதான் இன்று உலகெங்கும் கடை விரித்திருக்கும் விஎஃப்எஸ் குளோபல். வரிசையில் நிற்பதிலும் நிற்க வைப்பதிலும் நமக்கு இருந்த பயிற்சியை எண்ணினால் இதில் வியப்பில்லை.

கவுன்ட்டரில் நடப்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். ஊழியர் கட்டைப் பிரிக்கிறார். நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து அடித்த ஸ்டேப்ளர் பின்களை முதலில் பிடுங்குகிறார். பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் போடுகிறார். "சார், கவரிங் லெட்டர்ல சைன் இல்லையே." அவருக்கு எதிரே நிற்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நாற்பது வருடம் பிறர் கையெழுத்தைத் திருத்தியவர், கைநடுங்கக் கையெழுத்துப் போடுகிறார். முடிவெடுக்கும் அதிகாரம் தமக்கு இல்லை என்று ஊழியரே சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. "எப்படியாவது பார்த்து அனுப்புங்க தம்பி" என்று கும்பிடுகிறார்கள்.

அடுத்து கைரேகை. நான்கு விரல், நான்கு விரல், பிறகு இரண்டு கட்டைவிரல். இளைஞர்களுக்கு அரை நிமிடம். வயலிலும் அடுக்களையிலும் தேய்ந்த விரல்களைக் கண்ணாடி அடையாளம் காண மறுக்கிறது. "அம்மா, துடைச்சிட்டு இன்னொரு தடவை அழுத்துங்க." அம்மா முந்தானையில் துடைத்துவிட்டு, மாவு பிசையும் வேகத்தில் அழுத்துகிறார். "அவ்வளவு வேணாம்மா." ஒரு முறை எடுத்த ரேகையை 59 மாதம் வரை மறுபடி பயன்படுத்தலாம் என்று விதி இருப்பதால், அந்த அம்மாவுக்கு ஐந்து வருடத்துக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

பெயரிலும் ஓர் இலக்கணச் சிக்கல் உண்டு. அது பிற நாட்டு விசாக்களிலும் தமிழரை விடாமல் துரத்துவது. படிவங்கள் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும். நமக்கு இருப்பது இனிஷியல். பாஸ்போர்ட்டில் முருகேசன் என்ற ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயர் இடத்தில் அறியப்படவில்லை என்று பொருள்படும் எஃப்என்யு என்ற மூன்றெழுத்து ஏறும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசாவே இல்லை என்று சொல்லிவிட்டது. தம் பெயர் எஃப்என்யு ஆவதைப் பலர் அவமானமாகக் கருதுகின்றனர். அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. அதை இன்றும் வழுவாமல் காப்பாற்றும் ஒரே அரசு அமெரிக்க அரசு என்பதை அவர்கள் மறக்கிறார்கள்.

ஷெங்கன் விசாவில் முடிவு வரப் பொதுவாக 15 நாள். 45 வரை நீளலாம். 2024-இல் இந்தியாவிலிருந்து போன ஷெங்கன் விண்ணப்பங்கள் 11 லட்சத்துக்கும் மேல். ஏறத்தாழ ஏழில் ஒன்று மறுக்கப்பட்டது. மறுப்பு ஓர் அச்சிட்ட படிவம். அதில் காரணங்கள் வரிசையாக இருக்கும், பொருந்தும் கட்டத்தில் குறி போட்டிருப்பார்கள். குறித்த காலத்துக்குள் நீங்கள் திரும்புவீர்கள் என்பதில் ஐயம் உள்ளது என்பதும் அவற்றுள் ஒன்று. கட்டிய கட்டணம் திரும்பாது.

எனவே, நிலமின்மையால் பாலை, இருத்தலால் முல்லை, இரண்டும் மயங்கிய திணைமயக்கம் என்பதே இவ்வாய்வின் தீர்ப்பு. மறுப்போர் ஒரு காலையில் டோக்கன் வாங்கிப் பார்த்துவிட்டு மறுக்கலாம். போக நினைப்பவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் உறையைப் பிரித்துப் பெயர், தேதி, எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம் என்ற நான்கையும் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே சொல்லுங்கள். விமான நிலையத்தில் அதைத் திருத்தித் தர எவருக்கும் அதிகாரம் இல்லை.