டோரன்ட் மென்பொருள்களில் திணைக் கோட்பாடு: லினக்ஸ் கணினியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. நோக்கமும் எல்லையும்

லினக்ஸ் கணினி வைத்திருப்போரிடையே தீராத வழக்குகள் மூன்று. எந்த டிஸ்ட்ரோ, எந்த எடிட்டர் என்ற இரண்டுக்காகவும் பேரறிஞர்கள் பேச்சுவார்த்தையே முறித்துக்கொண்டாயிற்று. எந்த டோரன்ட் மென்பொருள் என்ற மூன்றாம் வழக்கு மட்டும் தக்க ஆய்வாளர் இன்றிக் கிடந்தது. அம்மென்பொருள்களை அகத்திணைகளாக வகுத்து அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லினக்ஸ் ஐஎஸ்ஓ கோப்புகளை இறக்குவது மட்டுமே ஆய்வு எல்லை. டோரன்டில் என்ன இறக்குகிறீர்கள் என்று யாரைக் கேட்டாலும் இந்த ஒரே விடைதான் வருகிறது. டெபியன் தன் ஐஎஸ்ஓக்களை டோரன்டாகவும் முறைப்படி வெளியிடுவதால் அவ்விடையை மறுப்பதற்கும் இல்லை. புதுப்படங்கள் பற்றிய தரவு தர எவரும் முன்வரவில்லை.

2. அன்பின் ஐந்திணை

முல்லை, ட்ரான்ஸ்மிஷன். உரிப்பொருள் இருத்தல். 2005இல் பிறந்தது, 2008இல் வந்த உபுண்டு 8.04 முதல் பல்லாண்டு காலம் அந்த டிஸ்ட்ரோவோடு கூடவே வந்து, யாரும் நிறுவாமலே வீட்டில் இருந்தது. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. கற்புக்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

குறிஞ்சி, கேடோரன்ட். உரிப்பொருள் புணர்தல். கேடிஇ மேசைத்தளத்தோடு இரண்டறக் கலந்தது. க்னோம் வீட்டுக்கு இதை அழைத்துவந்தால், மணப்பெண்ணோடு வரும் சீர்வரிசைபோல் கேடிஇ நூலகங்களும் வந்து இறங்கும்.

மருதம், க்யூபிட்டோரன்ட். வளம் மிக்கது. திறந்தால் விருப்பத்தேர்வுகள் வயலாய் விரியும். தேடுபொறியைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் ஒரே நேரத்தில் பல தளங்களின் வாசல்களில் ஏறி இறங்கும். தலைவன் இப்படித் திரிந்தால் ஊடலன்றி வேறென்ன விளையும்? இங்கே வாயிலாகச் செயல்படுவது பைத்தான். அது கணினியில் இல்லையேல் தேடுபொறி வாய் திறக்காது.

நெய்தல், டெலூஜ். உழைக்கும் டீமன் எங்கோ ஒரு கணினியில். பார்க்கும் சாளரம் வேறொரு கணினியில். தலைவி கரையில் நின்று நோக்குவதுபோல 8112ஆம் போர்ட்டில் பிரௌசரைத் திறந்துவைத்து நோக்கலாம். 99.8 விழுக்காட்டில் இறக்கம் நின்றுவிடும் பொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல்.

பாலை, ஆர்டோரன்ட். கருந்திரையில் எழுத்துகள் மட்டும்; பொத்தானும் இல்லை, படமும் இல்லை, மவுசுக்கு நிழலும் இல்லை. டிமக்ஸ் அல்லது ஸ்கிரீனுக்குள் இதை ஓடவிட்டு, டிடாச் செய்துவிட்டுப் பயனர் வெளியேறுவார். பிரிந்த பின்னும் வேலை தொடரும். பிரிதலை இவ்வளவு செவ்வையாக நிகழ்த்தும் மென்பொருள் பிறிதில்லை.

3. அகப்புறம்

லினக்ஸுக்குச் சாளரப் பதிப்பே தராத மியூடோரன்ட்டை வைன் மூலம் இழுத்துவந்து ஓடவைப்போர் உளர். இது பொருந்தாக் காமம், பெருந்திணை. முழுக் கோப்பையும் வைத்திருந்து பகிரும் சீடர்களின் எண்ணிக்கை பூச்சியம் எனத் தெரிந்தும் மேக்னட் லிங்க்கைச் சேர்த்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பது ஒருதலைக் காமம், கைக்கிளை.

4. திணை மயக்கம்

மருதமும் நெய்தலும் தோற்றத்தில் வேறாயினும் உள்ளே ஓடுவது ஒன்றே. க்யூபிட்டோரன்ட், டெலூஜ் இரண்டும் லிப்டோரன்ட் என்ற ஒரே நூலகத்தின்மேல் எழுந்தவை. ஆர்டோரன்ட்டின் அடியிலும் லிப்டோரன்ட் உண்டு. ஆனால் அது வேறொருவர் எழுதிய வேறு நூலகம். ஔவையார் எத்தனை பேர் என்ற வினாவில் ஆழங்காற்பட்ட தமிழாய்வாளருக்கு இச்சிக்கல் புதிதன்று. லிப்டோரன்ட் இருவர் என்பதே இவ்வாய்வின் துணிபு.

இம்மயக்கத்துக்கு மூலம் 2001இல் பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டோரன்ட் நெறிமுறை. ஐந்திணையும் பேசுவது அந்த ஒரே மொழியைத்தான். கோப்பு துண்டுதுண்டாகப் பிரிக்கப்படும். கூட்டத்தில் எந்தத் துண்டு அரிதோ அதற்கே முன்னுரிமை. வந்த துண்டு சரியானதுதானா என்று ஹாஷ் சரிபார்க்கப்படும். தனக்கு யார் அதிகம் தருகிறார்களோ அவர்களுக்கே தானும் தருவது என்று ஏறத்தாழ பத்து நொடிக்கு ஒருமுறை முடிவாகும். புதியவர் பட்டினி கிடக்கலாகாது என்பதால், முப்பது நொடிக்கு ஒருமுறை முன்பின் அறியாத ஒருவருக்கும் ஓர் இடம் தரப்படும். விருந்தோம்பல் இங்கே அறமாக அன்றி நிரலாகவே எழுதப்பட்டுள்ளது.

ஆகவே வேகம் மென்பொருளை மாற்றுவதால் பெரிதும் மாறாது. சீடர்கள் எத்தனை பேர், ரௌட்டரில் போர்ட் திறந்துள்ளதா என்பவையே அதைத் தீர்மானிப்பன. ஐந்தையும் நிறுவி நிறுவி நீக்கிக்கொண்டிருப்பவர், அந்த நேரத்தில் எதையேனும் ஒன்றை ஓடவிட்டிருந்தால் கோப்பு இறங்கியிருக்கும்.

5. முடிபு

இவ்வாய்வாளர் யாத்த நூற்பா:

எத்திணை ஆயினும் சீடர்இல் வழியே
அத்திணை எல்லாம் கைக்கிளை ஆகும்.

உரை: புதிதாய் வருபவர் ட்ரான்ஸ்மிஷனோடு நிற்கலாம். அமைப்புகளை நோண்டாமல் உறக்கம் வராதவர் க்யூபிட்டோரன்ட்டை நாடுக. திரையே இல்லாத சர்வரில் ஆர்டோரன்ட் போதும். எதைத் தேர்ந்தாலும் 100 விழுக்காடு ஆனவுடன் மூடிவிட்டு ஓடாதீர்கள். ரேஷியோ 1.0 ஆகும்வரையேனும், அதாவது வாங்கிய அளவைத் திருப்பிக் கொடுக்கும்வரையேனும், ஓடவிடுங்கள்.