ரெண்டு இஞ்சு இறக்குன சூரன்

ஏங் கண்ணு, காரை ரெண்டு இஞ்சு கீழ இறக்கப் போறயாமா? அதும் வூட்டு முன்னாலயே, ஜாக்கி வெச்சு, நீயே? பலே! கீழ இறக்கோணும்னா மொதல்ல மேல தூக்கோணும்னு தெரிஞ்சு வெச்சிருக்கயே, அதுவே பாதி வித்தை.

சித்தெ உக்காரு. உன்ற வண்டி ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரு. ஏற்கெனவே தரையை ஒரசறாப்பலதான் நிக்குது. இன்னும் இறக்கி யாருக்குக் காட்டப் போறே? எறும்புக்கா?

வளைவுல சும்மா ஒட்டிக்கிட்டுப் போகுமுங்கறே. எந்த வளைவுல? ஆழியாத்துல இருந்து வால்பாறைக்கு நாப்பது கொண்டை ஊசி வளைவு இருக்குது, வாஸ்தவந்தான். ஆனா உனக்கு முன்னால ஒரு கவருமெண்டு பஸ்சு போய்ட்டிருக்கும். உன்ற வேகம் அந்த டிரைவரு கையில. ஊருக்குள்ள வந்தயோ, வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரசு புஸ்தகத்துல அதுக்கு அளவு எழுதி வெச்சிருக்கறாங்க: உசரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், 25 கிலோமீட்டர் வேகத்துல அலுங்காமத் தாண்டலாம். நம்ம சந்துல தாரைக் கொட்டுனவன் அந்தப் புஸ்தகத்தைக் கண்ணுல பாத்திருப்பான்ங்கறயா? அவினாசி ரோட்டுல பத்து கிலோமீட்டருக்குப் பாலம் கட்டி 2025-ல தொறந்துட்டாங்களே, அது மேல ஓட்டுவேங்கறயா? ஓட்டு. சோறு திங்க இறங்கித்தான வரோணும்?

சரி, ஸ்பிரிங்கு எதுக்கு இருக்குது? சொகுசுக்குன்னு சொல்லாதே. டயரு ரோட்டை விடாம இருக்கறதுக்கு. உடுமலைப் பக்கம் ரேக்ளா பந்தயம் பாத்திருக்கறயல்ல? எரநூறு மீட்டரு, முந்நூறு மீட்டரு பறக்கும். அந்த வண்டியில ஸ்பிரிங்கு ஏது, சீட்டு ஏது? ஓட்டறவன் முழங்காலை மடக்கிட்டு நிப்பான். அந்த முழங்கால் செய்யற வேலையைத்தான் உன்ற காருல ஸ்பிரிங்கும் ஷாக்கும் செய்யுது. அவன் காலை வெறச்சு நின்னா என்ன ஆகும்? வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

நீ ரெண்டு இஞ்சு இறக்குனா, மேட்டுல சக்கரம் மேல வர்றதுக்கு இருந்த எடத்துல ரெண்டு இஞ்சு போச்சு. பொறவு ஒவ்வொரு குழிக்கும் உள்ள இருக்கற ரப்பர் கட்டையில போய் முட்டும். முட்டுன நொடி டயரு துள்ளும். துள்ளற டயருக்குப் பிடி ஏது சாமி? பிடி வேணும்னுதான இத்தனை செலவும்?

அது முட்டாம இருக்கத்தான் கெட்டி ஸ்பிரிங்காமா. எட்டு கிலோ, பத்து கிலோன்னு பேசிக்கறீங்க. ஒரு மில்லிமீட்டரு அமுங்கோணும்னா அத்தனை கிலோ பாரம் வேணும். சாதா வூட்டுக் காரு ஒரு மேட்டுல ஏறி இறங்குனா, செகண்டுக்கு ஒருக்காவோ அதுக்குச் சித்தெ எச்சாவோ ஆடும். மனுசன் நடக்கற தாளத்துக்குக் கிட்டத்தட்ட அது. அதனாலதான் ஒடம்புக்கு ஒத்துப் போகுது. ஸ்பிரிங்கை நாலு மடங்கு கெட்டியாக்குனா ஆட்டம் ரெண்டு மடங்கு வெசையாகும். பந்தயக் காருல செகண்டுக்கு மூணு ஆட்டம்கூட உண்டு. அது செட்டிபாளையம் டிராக்குல ஓடறதுக்கு. அந்த டிராக்கு யாரு பேருல இருக்குதுன்னு தெரியுமா? நம்மூரு கரிவரதன் பேருல. மாருதி 800 இஞ்சினை வெச்சே ஒத்த சீட்டுப் பந்தயக் காரு கட்டுன மனுசன். ஊருக்குள்ள இருக்கற சாமானை எடுத்து ஓட்டத்துக்குக் கட்டுனாரு. நீ ஓட்டத்துக்கான சாமானை எடுத்து ஊருக்குள்ள காட்டறே.

இன்னொரு பழமை சொல்றேன். 1930-கள்ல அமெரிக்காவுல, கேடிலாக் காருக்காக மாரிஸ் ஓலின்னு ஒரு இஞ்சினியரு வேலை பாத்தாரு. ஏழு பேரு உக்கார்ற பெரிய வண்டி ஒண்ணுல ஸ்பிரிங்கையும் பாரத்தையும் மாத்தி மாத்தி வெச்சு, ஏறி உக்காந்து ஓட்டி ஓட்டிப் பாத்தாங்க. அளக்கறதுக்கு என்ன கருவி? அவிய இடுப்புத்தான். முன்பக்கம் பின்பக்கத்தை விட மெத்துனு இருந்தா வண்டி தலையாட்டாம சமமாப் போகுதுன்னு அப்படித்தான் புடிச்சாங்க. நீ என்னடான்னா போன்ல ஆப்பை வெச்சுட்டு அளக்கறே. இடுப்பு கத்துது, அது உனக்குக் கேக்கலை.

காசு பத்தலைன்னு இன்னொருத்தன் இருக்கறான், உன்ற சிநேகிதன். புது ஸ்பிரிங்கு எதுக்கு, இருக்கறதையே ஒரு சுத்து அறுத்துடலாம்னான். நல்ல மூளை! அறுத்தா வண்டி இறங்கும், ஸ்பிரிங்கு கெட்டியும் ஆகும். ஆனா ஜாக்கி வெச்சோ, பெரிய குழியிலயோ சக்கரம் தொங்கறப்ப அது எடத்தை விட்டு நழுவி நிக்கும். மறுபடி எங்க வந்து உக்காரும்னு அதுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

வூட்லயே செய்யறது தப்புன்னு நான் சொல்லலை. கையில கிரீஸு படாதவன் வண்டியைப் பத்திப் பேசப்படாது. ஆனா ஜாக்கியை மட்டும் நம்பி அடியில தலையை விடாதே, ஸ்டேண்டு போடு. அமுக்கி வெச்ச ஸ்பிரிங்குக்கு நேரா மூஞ்சியை வெக்காதே. அது தெறிச்சா மன்னிப்புக் கேக்காது. அப்பறம் ஒரு சங்கதி, பாதிப் பேருக்குத் தெரியறதில்லை: லோயர் ஆர்ம் போல்ட்டைச் சக்கரம் தொங்கறப்பவே முறுக்கி இறுக்கிடுவாங்க. உள்ள இருக்கற ரப்பர் புஷ் அந்த நெலையிலயே புடிச்சுக்கும். வண்டியைக் கீழ உட்டா அது முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டி சக்கரத்துல நின்னு பாரம் உக்காந்த பொறவுதான் கடேசி இறுக்கு. பொறவு வீல் அலைன்மென்ட். உசரம் மாறுனா சக்கரத்தோட சாய்வும் மாறும். அலைன்மென்ட் பாக்காம ஓட்டுனா டயரோட உள்பக்கம் தேஞ்சு கம்பி தெரியும். வெளிப்பக்கம் புதுசா இருக்கும். போட்டோவுல வெளிப்பக்கந்தான விழும்?

சீட்டுக் கதைக்கு வாரேன்.

கம்பெனி சீட்டைக் கழட்டிட்டு பக்கெட் சீட்டாமா. எதுக்கு? எடை கொறையுமாமா. உன்ற வயித்துல பத்து கிலோ இருக்குதே கண்ணு, அதுக்கு ஸ்பேனர் வேண்டாம், ராத்திரி பரோட்டாவை நிறுத்துனாப் போதும். அந்தச் சீட்டுல நீ ஏறி உக்கார்றதே ஒரு வித்தை. உங்காத்தாளை மருதமலைக்குக் கூட்டிட்டுப் போகோணும்னா எப்படி ஏத்துவே? ஏத்திடறேன்னே வெச்சுக்கலாம். எறக்கறதுக்கு யாரு வருவா?

கழட்டறதுக்கு முன்னால சீட்டுக்கு அடியில குனிஞ்சு பாரு. மஞ்சக் கலருல ஒயரு இருக்கும். பக்கவாட்டு ஏர்பேக் அந்தச் சீட்டுக்குள்ளதான் ஒளிஞ்சு கெடக்குது. பேட்டரியைக் கழட்டிட்டு, வண்டிப் புஸ்தகத்துல சொன்ன நேரம் காத்திருந்துட்டுத்தான் அதுல கை வெக்கோணும். சீட்டை மாத்துனா டேஷ்போர்டுல ஏர்பேக் லைட்டு எரியும். அதுக்கும் ஒரு சூட்சுமம் வெச்சிருக்கறானுக: ஒரு ரெசிஸ்டரைச் சொருகுனா லைட்டு அணைஞ்சிருமாமா. லைட்டு அணையும். ஏர்பேக் எங்க? வூட்டு அட்டாலியில, பழைய சீட்டோட.

பந்தய சீட்டுக்குன்னு எப்.ஐ.ஏ.ங்கற உலகக் கார் பந்தய அமைப்போட முத்திரை உண்டு. 8855-1999-ன்னு போட்ட சீட்டுக்கு ஆயுசு செஞ்ச தேதியில இருந்து அஞ்சு வருசம். நீ ஆன்லைன்ல பாதி விலைக்குப் புடிச்சயே, அதுல தேதி இருக்குதா? முத்திரையாவது நேரா ஒட்டியிருக்குதா?

அதோட நாலு பட்டை பெல்ட்டு வேற. தோளுக்கு மேல வர்ற பட்டை ரெண்டையும் சீட்டுக்குப் பின்னால தரையில போல்ட்டு போடறேங்கறே. முட்டுனா அது உன்ற தோளைக் கீழ்ப்பக்கமா இழுத்து முதுகெலும்பைச் சுருக்கும். அந்தப் பட்டை தோள் மட்டத்துலதான் பின்னால போகோணும். அதுக்குக் குறுக்கால கம்பி வேணும், கூண்டு வேணும். கூண்டு போட்டா ஹெல்மெட்டு வேணும், இல்லாட்டி மண்டை அந்தக் கம்பியிலயே மோதும். ஹெல்மெட்டு போட்டுக்கிட்டா பால் வாங்கப் போவே? கம்பெனிக்காரன் குடுத்த மூணு முனை பெல்ட்டு என்ன பாவம் பண்ணுச்சு?

சட்டமும் ஒண்ணு இருக்குது. கம்பெனி குடுத்த அமைப்பை உன்ற இஷ்டத்துக்கு மாத்தப்படாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. 2019-ல கொண்டு வந்த 182ஏ பிரிவுல, மாத்தம் ஒண்ணுக்கு ஐயாயிரம் ரூவா அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். நாலு மாத்தம் பண்ணுனா எத்தனைன்னு கணக்கு உனக்கே வரும். இன்சூரன்சுக்காரன் அதை விட வெசையாக் கணக்குப் போடுவான்.

உனக்கு வண்டி நல்லா ஓடோணும், அவ்வளவுதான? பத்து வருசத்து வண்டி அது. ரப்பர் புஷ் முச்சூடும் நஞ்சு போயிருக்கும், ஷாக்குல எண்ணெய் ஒழுகும். அதையெல்லாம் கம்பெனி அளவுக்கே புதுசு போடு. சீட்டுல பஞ்சு அமுங்கியிருந்தா, ஏர்பேக் சங்கதி தெரிஞ்ச நல்ல டெய்லருகிட்டக் குடுத்து நெரப்பு. சீட்டை முன்ன பின்ன நகத்தி, முழங்கால் சித்தெ மடங்கறாப்பல வெச்சு ஓட்டிப் பாரு. அந்த லீவரைத் தொட்டாவது பாத்திருக்கறயா?

அந்த ஸ்பிரிங்கு பொட்டியை இன்னும் பிரிக்கலையல்ல? அப்படின்னா இன்னைக்கே திருப்பி அனுப்பிரு. வர்ற காசுல நாலு நல்ல டயரா வாங்கிப் போட்டு, கதவோரம் ஒட்டியிருக்கற அட்டையில பாத்து காத்தடிச்சுட்டு வா. பொறவும் இறக்கித்தான் தீருவேன்னா, சாயந்திரமா வா, ஜாக்கி நான் புடிக்கறேன்.