மதுரைக் கண், பாஸ்டன் இதயம்

இந்த வாரம் நத்தம் வட்டாரத்துக் கேள்விகள். பெயர்களை எடுத்துவிட்டேன். எழுதியவர்களில் பாதிப் பேர் மாணவர்கள். இன்டர்னல் மார்க் இன்னும் வாத்தியார் கையில் இருக்கிறது.

இறுதியாண்டு இ.சி.இ. மாணவர், நத்தம்
*எங்கள் புராஜெக்ட் இதயத் துடிப்புக் கோளாறை 99 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்கிறது. டாக்டரையே மிஞ்சிவிட்டது என்று சொல்லலாமா?*

ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் என்று வையுங்கள். ‘யாருக்கும் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்’ என்று ஒரு அட்டை எழுதிக் கதவில் மாட்டினால் அந்த அட்டையும் 99 சதவீதம் சரிதான். என்ன, அந்தப் பத்துப் பேர் திரும்பி வந்து புகார் சொல்ல மாட்டார்கள். ஆகவே மொத்தச் சதவீதத்தை விடுங்கள். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரை வீணாக மிரட்டியது என்று இரண்டு கணக்காகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நீங்கள் எந்தத் தரவை எடுத்திருப்பீர்கள் என்று ஜோசியமே பார்க்காமல் சொல்கிறேன்: எம்.ஐ.டி.-பி.ஐ.எச். அதில் இருப்பவை 48 பதிவுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். ஆட்கள் 47 பேர். 1975 முதல் 1979 வரை பாஸ்டன் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் எடுத்து, 1980இல் வெளியிட்டார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் துடிப்புகள் இருப்பதால் ஏராளமாகத் தெரியும். அந்தத் துடிப்புகளைக் குலுக்கி, முக்கால் பங்கைப் பயிற்சிக்கும் கால் பங்கைத் தேர்வுக்கும் வைத்தீர்கள் என்றால், ஒரே ஆளின் துடிப்பு இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்திருக்கும். கேள்வித்தாள் அவுட்டான பரீட்சையில் வாங்கிய மார்க் அது. ஆட்களைப் பிரியுங்கள்: இவர்கள் பயிற்சிக்கு, அவர்கள் தேர்வுக்கு. மார்க் சட்டென்று இறங்கும். இறங்கிய மார்க்கைத் தைரியமாக வைவாவில் சொல்லுங்கள், கேட்கிற எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்காருவார்.

அதே வகுப்பு மாணவி, செந்துறை
*அமெரிக்காக்காரர் இதயத்தை வைத்து நாம் படிக்கிறோம். நம்மை வைத்து யாராவது படித்திருக்கிறார்களா?*

நன்றாகவே. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் மதுரை. அங்கே 1976இல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. சர்க்கரை நோயால் கெடும் விழித்திரையைக் கணினியே கண்டுகொள்ளும் முறையை 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியிட்டபோது, பயிற்சிக்குப் போன படங்கள் 1,28,175. அமெரிக்கப் படங்களோடு அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா என மூன்று இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. படங்களைப் பார்த்துத் தரம் பிரித்துத் தந்த மருத்துவர்கள் 54 பேர். மெஷின் தானாகப் படித்தது என்கிறார்களே, அதற்குப் பாடம் எடுத்த வாத்தியார்கள் இவர்கள்.

2019இல் அரவிந்த் படங்களை வைத்தே உலகப் போட்டி ஒன்று நடந்தது. பயிற்சிக்குக் கொடுத்த படங்கள் 3,662. இன்றைக்கும் எந்தெந்த நாட்டுக் கல்லூரியிலோ யாரோ ஒரு பிள்ளை நம் பக்கத்துக் கிராமத்தாரின் விழித்திரையை வைத்து புராஜெக்ட் முடித்துக்கொண்டிருக்கிறது. பாஸ்டன் கடன் தீர்ந்தது.

சர்க்கரை நோய் புராஜெக்ட் செய்யும் உங்கள் தோழிகளிடம் ஒன்று சொல்லுங்கள். அவர்கள் எல்லோரும் எடுக்கிற அந்த 768 பேர் தரவு, அரிசோனாவில் பீனிக்ஸ் நகர் அருகே வாழும் பிமா பழங்குடிப் பெண்களுடையது. ஆண் ஒருவர்கூடக் கிடையாது. ‘இண்டியன்’ என்று பெயரில் இருப்பதைப் பார்த்து நம்மாட்கள் என்று எழுதிவிட வேண்டாம்.

மாம்பழ வியாபாரி, நத்தம்
*பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. கண் பளிச்சென்று தெரிகிறது. பிறகு எதற்குக் கண்ணைப் படம் எடுக்கச் சொல்கிறார்கள்?*

பளிச்சென்று தெரிகிறபோதே எடுக்கத்தான். சர்க்கரை முதலில் கெடுப்பது விழித்திரையின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களை. அவை புடைக்கும், கசியும். உங்களுக்கு வலிக்காது, மங்காது. பார்வை மங்கும்போது பெரும்பாலும் காரியம் முற்றியிருக்கும். முன்பே பிடித்தால் லேசர், ஊசி என்று வழி உண்டு. அவை இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான், போனது முழுதாகத் திரும்புவது அரிது. எனவே வருஷத்துக்கு ஒரு படம். 2019 பிப்ரவரியில் மதுரை அரவிந்தில்தான் கூகுளின் அந்த மெஷின் முதன்முதலாக நோயாளிகளுக்காக வேலைக்கு அமர்ந்தது. படத்தை மெஷின் பார்த்தாலும் மனிதர் பார்த்தாலும், எடுத்துக்கொள்ள நீங்கள் போயாக வேண்டும். மதுரைக்குள் நுழைய நத்தம் ரோட்டில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாலமே கட்டிவிட்டார்கள், சாக்கு செல்லாது.

பள்ளி ஆசிரியை, சாணார்பட்டி
*மெஷின் ‘பாசிட்டிவ்’ என்று சொல்லிவிட்டால் நோய் உறுதிதானே?*

டீச்சர், கணக்குப் போடுவோம். ஆயிரம் பேர், நோய் பத்துப் பேருக்கு. மெஷின் நல்ல மெஷின்: நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாக விடுவிக்கும். பத்தில் 9 பேர் பிடிபடுவார்கள். மிச்சம் 990 நல்லவர்களில் 99 பேரும் தவறாகப் பிடிபடுவார்கள். மொத்தம் 108. உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் போடாதீர்கள். அந்த 108இல் நோயாளிகள் ஒன்பதே பேர். அரிய நோயைத் தேடும் எந்தச் சோதனைக்கும் இதுதான் கதி. ‘பாசிட்டிவ்’ என்றால் ‘அடுத்த சோதனைக்குப் போங்கள்’ என்று பொருள். வீட்டில் அழுகையைத் தொடங்க அது போதாது.

சுகாதாரப் பணியாளர், சிறுகுடி
*அவ்வளவு நல்ல கண் மெஷினை எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைத்துவிட வேண்டியதுதானே?*

தாய்லாந்தில் வைத்துப் பார்த்தார்கள். 11 கிளினிக்குகள். ஆய்வகத்தில் அசத்திய அதே மெஷின். அங்கே நர்ஸ்கள் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் ‘தெளிவில்லை’ என்று திருப்பிவிட்டது. அறையில் வெளிச்சம் இருந்ததுதான் பல இடங்களில் காரணம். விழித்திரைப் படத்துக்கு இருட்டு வேண்டும், தனி இருட்டறை எல்லா இடத்திலும் இல்லை. மெஷின் திருப்பிய படத்தில் நோய் இல்லை என்று நர்ஸுக்கே தெரிந்தாலும், விதிப்படி நோயாளியை வேறு ஊர் டாக்டரிடம் அனுப்ப வேண்டியிருந்தது. போதாததற்கு நெட் படுத்தது. காத்திருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கூகுளே 2020இல் இந்த ஆய்வை வெளியிட்டது, அதைப் பாராட்ட வேண்டும். கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த மெஷினை ஒரு ஜன்னல் திரை மடக்கிவிட்டது.

டி.வி. மெக்கானிக், கோபால்பட்டி
*இப்போது எல்லாமே சாஃப்ட்வேர் என்கிறார்கள். சர்க்யூட் தெரிந்தவனுக்கு இனி என்ன மரியாதை?*

உங்களுக்குத்தான் முதல் மரியாதை. இதயம் நெஞ்சுத் தோலில் காட்டும் மின்னழுத்தம் சுமார் ஒரு மில்லிவோல்ட். வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே உடம்பில், சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டின் இரைச்சலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதயத்தைவிடப் பல மடங்கு பெரிதாகவே. அந்த இரைச்சல் இரண்டு கையிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், இதயத்தின் குரல்தான் கைக்குக் கை வேறுபடும். ஆகவே இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பெருக்குகிற ஆம்ப்ளிஃபயர் வேண்டும். மிஞ்சுகிற இரைச்சலைத் தலைகீழாக்கி, வலது கால் வழியாக உடம்புக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இ.சி.ஜி. எடுக்கும்போது வலது காலில் ஒரு கிளிப் மாட்டுகிறார்களே, அது இதயத்தைக் கேட்பதற்கு அல்ல, இரைச்சலை அடக்குவதற்கு. இவ்வளவு அழகான தந்திரத்தைக் கண்டுபிடித்தவர்களுக்குச் சினிமாக்காரர்களைப்போல ஊருக்கு ஊர் மன்றம் இல்லாதது நம் குறை.

‘அழுக்கு சிக்னல் வந்தால் என்ன, நான் ஃபில்டர் போட்டுச் சுத்தம் செய்கிறேன்’ என்பார் சாஃப்ட்வேர் தம்பி. அங்கேதான் வம்பு. நோயாளி மூச்சு விடும்போது கோடு மேலும் கீழும் அலையும். அதை நிறுத்த 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டினால் கோடு நேராகிவிடும், பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் மாரடைப்பை டாக்டர் தேடுவது எஸ்.டி. என்கிற மெதுவான பகுதியில். அந்த வெட்டில் அதன் உருவமே மாறலாம். இல்லாத மாரடைப்பு தெரியும், இருப்பது மறையும். அதனால்தான் நோய் கண்டறியும் இ.சி.ஜி.க்கு 0.05 ஹெர்ட்ஸ் வரை விட்டுவைக்கச் சொல்கிறார்கள். எங்கே வெட்டுவது என்ற முடிவு சர்க்யூட்காரர் கையில். அவர் தொலைத்ததை எந்த மெஷின் லேர்னிங்கும் தேடி எடுக்க முடியாது.

வரலாறும் கொஞ்சம் கேளுங்கள். இ.சி.ஜி.க்காக 1924இல் நோபல் பரிசு வாங்கிய ஐந்தோவனின் முதல் கருவிக்கு எடை ஏறத்தாழ 270 கிலோ, இயக்க ஐந்து பேர். நோயாளி கையையும் காலையும் உப்புத்தண்ணீரில் முக்கிக்கொண்டு உட்கார வேண்டும். இன்று மாணவர்கள் வாங்கும் ஏ.டி.8232 சிப் நான்கு மில்லிமீட்டர் சதுரம்.

நர்ஸ், திண்டுக்கல்
*விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் தோல் நிறத்தைப் பார்த்து ஏமாறும் என்கிறார்களே?*

ஏமாறும். சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரல் வழியே பாய்ச்சி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் தொழில்நுட்பம். ஜப்பானில் டாகுவோ அயோயாகி 1974இல் தந்த யோசனை. தோலின் கறுப்பு நிறமியும் ஒளியைக் குடிக்கும். 2020 டிசம்பரில் மிச்சிகன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்: ஆக்ஸிஜன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி ‘பரவாயில்லை’ என்று சொன்னது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. அது அமெரிக்கக் கணக்கு. ஆனால் நம் விரல்களும் பால் நிறம் இல்லை. எண் 95 என்று சொன்னாலும் ஆள் மூச்சு வாங்கினால், ஆளை நம்புங்கள். நகப்பூச்சையும் அழித்துவிடச் சொல்லுங்கள்.

கல்லூரிப் பேராசிரியர், ஊர் பெயர் வேண்டாம் என்கிறார்
*மருத்துவம் பார்க்கும் கணினி எல்லாம் சாட்ஜிபிடி வந்த பிறகுதானே?*

உங்களுக்கு முன்பே அது ரிட்டயர் ஆகிவிட்டது, சார். 1970களில் ஸ்டான்ஃபோர்டில் ‘மைசின்’ என்று ஒரு நிரல். மூளைக்காய்ச்சல் நோயாளிகளின் விவரம் தந்தால் எந்த மருந்து என்று சொல்லும். யார் எழுதிய சிபாரிசு என்பதை மறைத்து நிபுணர்களிடம் மார்க் போடச் சொன்னார்கள். 1979இல் முடிவு வந்தது: அங்கேயே வேலை பார்த்த மருத்துவப் பேராசிரியர்களைவிட மைசினுக்கு ஒரு படி கூட. ஆனாலும் அது ஒரு நோயாளிக்கும் மருந்து எழுதவில்லை. கேள்விக்கெல்லாம் பதில் டைப் அடிக்க அவசர சிகிச்சைப் பிரிவில் யாருக்கு நேரம்?

பிஎச்.டி. ஆய்வாளர், வேம்பார்பட்டி
*பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று மெயில் வருகிறது. எக்ஸ்ரேயில் கொரோனா கண்டுபிடிக்கும் கட்டுரை கைவசம் இருக்கிறது. அனுப்பலாமா?*

பணத்தைப் பத்திரமாக வையுங்கள். முனைவர் பட்டத்துக்கு இதழில் கட்டுரை கட்டாயம் என்ற விதியை யு.ஜி.சி. 2022லேயே எடுத்துவிட்டது, உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். கொரோனா எக்ஸ்ரே விஷயத்துக்கு வருவோம். 2021இல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று இத்தகைய கட்டுரைகள் இரண்டாயிரத்துக்கு மேல் திரட்டி, வடிகட்டி, 62ஐ ஊன்றிப் படித்தது. மருத்துவமனையில் பயன்படும் நிலையில் இருந்தவை: பூஜ்யம். ஒரு காரணம் கேளுங்கள். பலர் ‘கொரோனா இல்லாதவர்’ படங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் எக்ஸ்ரேயை எடுத்திருந்தார்கள். கொரோனா உள்ளவர்களோ பெரியவர்கள். மெஷின் சமர்த்தாகப் பிள்ளைக்கும் பெரியவருக்கும் வித்தியாசம் கற்றுக்கொண்டது; அதை நம் பாட்டி எக்ஸ்ரே இல்லாமலே சொல்வாள்.

எக்ஸ்ரே பார்க்கும் மெஷினே வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காசநோய்க்கு அதைப் பயன்படுத்தலாம் என்று அதே 2021இல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்தது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் என்று எல்லை போட்டே சொன்னது. உங்கள் கட்டுரையிலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா?

வழக்கறிஞர் குமாஸ்தா, நத்தம்
*மெஷின் தப்பாகச் சொல்லி ஆள் போய்விட்டால் யார் மேல் கேஸ்?*

2020 ஏப்ரலில் இருந்து மருத்துவ மென்பொருளும் நம் நாட்டில் மருத்துவக் கருவி என்ற கணக்கில் வருகிறது. உரிமம், விதி எல்லாம் உண்டு. ஆனாலும் ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். மெஷின் இன்னும் கையெழுத்துப் போடப் பழகவில்லை.

மூன்றாமாண்டு மாணவர், பரளி
*நத்தத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன ஆராய்ச்சி செய்ய முடியும்? புராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாக வாங்கிவிடலாம் என்கிறான் நண்பன்.*

ரெடிமேட் சட்டைக்குப் பேர்போன ஊரில் ரெடிமேட் புராஜெக்டும் கேட்கிறீர்கள். அந்தச் சட்டை தைக்கும் இடத்திலேயே விஷயம் இருக்கிறது. வரிசையாகத் தையல் மோட்டார்கள் ஓடும் கூடத்தில் இ.சி.ஜி. எடுத்தால் கோடு என்ன பாடுபடும்? எர்த் சரியில்லாத பிளக்கில் என்ன ஆகும்? வியர்த்த தோலில் எலெக்ட்ரோட் எவ்வளவு நேரம் தாங்கும்? இவற்றை அளந்து, அங்கேயும் தாங்குகிற ஒரு சர்க்யூட் செய்யுங்கள். பாஸ்டனில் 47 பேரிடம் எடுத்தபோது பக்கத்தில் தையல் மோட்டார் இல்லை. ஆட்களிடம் எடுக்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் அவர்களின் சம்மதமும் வாங்குங்கள், கருவியை பேட்டரியில் ஓட்டுங்கள்.

அவருடைய நண்பன் (அதே கடிதத்தின் பின்பக்கம்)
*மாரியம்மன் கோவில் மாசித் திருவிழாவில் கழுமரம் ஏறுகிறவருக்கு இ.சி.ஜி. எடுத்தால் புது ஆராய்ச்சி ஆகுமா?*

ஏறும்போது கைத்தசையும் நெஞ்சுத்தசையும் கிளப்புகிற மின்சாரத்தில் இதயத்தின் குரல் அமுங்கிப் போகும். அது தீராத ஆராய்ச்சிப் பிரச்சினைதான், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மரம் முழுக்க எண்ணெய். ஏறுகிற ஆளுக்கே பிடிமானம் இல்லை. எலெக்ட்ரோடை எங்கே ஒட்டுவீர்கள்?