பதினைந்தாம் ராங்க் கீரை

பிறந்தால் கேல் கீரையாகப் பிறக்க வேண்டும். அரைக்கீரையும் சிறுகீரையும் எத்தனை தலைமுறையாக நமக்கு உழைக்கின்றன! எந்த நட்சத்திரமாவது அவற்றின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடியதுண்டா? கேலுக்கு அந்த யோகம் அடித்தது. 2014-இல் வந்த ‘செவன் லெவன்’ பாட்டு வீடியோவில் பியான்சே அணிந்திருந்த சட்டையில், கொட்டை எழுத்தில் இருந்தது இந்தக் கீரையின் பெயர்தான்.

அதே வருஷம் இன்னொரு வெற்றி. வெர்மான்ட் மாநிலத்தில் போ முல்லர்-மூர் என்பவர் ‘கேல் அதிகம் சாப்பிடுங்கள்’ என்று டி-ஷர்ட் அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார். ‘கோழி அதிகம் சாப்பிடுங்கள்’ என்ற எங்கள் வாசகத்தோடு இது குழம்புகிறது என்று சிக்-ஃபில்-ஏ என்ற கோழி உணவக நிறுவனம் 2011-இல் வக்கீல் கடிதம் அனுப்பியது. மனிதர் அசையவில்லை. 2014 டிசம்பரில் அவருக்கே வணிகமுத்திரை கிடைத்தது. கோழியோடு மோதி ஒரு கீரை ஜெயித்த கதை வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இத்தனைக்கும் அதற்கு முன் பல அமெரிக்க உணவகங்களில் கேலுக்கு இருந்த உத்தியோகம், சாலட் மேசையில் ஐஸ் கட்டிகளை மறைத்துக்கொண்டு பச்சைப்பசேலென்று நிற்பது. பார்ப்பார்கள்; தின்ன மாட்டார்கள். நான் நியூஜெர்சியில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததோ, பார்ப்பதை நிறுத்தித் தின்ன ஆரம்பித்துவிட்ட காலத்தில்.

பச்சைக் கேல் முரட்டு இலை. நடுத்தண்டை உருவிப் போட்டுவிட்டு, ஆலிவ் எண்ணெயும் உப்பும் விட்டுக் கையால் பிசைந்தால்தான் பல்லுக்கு அடங்கும். இதற்கு ‘மசாஜ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தலைதீபாவளிக்கு வந்தபோது, “எண்ணெய் எல்லாம் வேண்டாம் அத்தை” என்று மொட்டைமாடிவரை ஓடிய எங்கள் மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்களையில் நின்று கீரைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார். என் மனைவி அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சாமி அலமாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

தேய்த்தாலும் கசப்பு முழுக்கப் போவதில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல் எல்லாம் கேலுக்கு உடன்பிறப்புகள். தாவரவியலில் எல்லாமே பிராசிகா ஒலரேசியா என்ற ஒரே இனம். குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம் இந்தக் குடும்பச் சொத்து. பூச்சி கடிக்கக்கூடாது என்று செடி தனக்குத்தானே தயாரித்துக்கொண்ட சரக்கு அது. பூச்சிகள் பலவற்றுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு இன்னும் வரவில்லை.

“அப்பா, அதுல என்னென்ன இருக்கு தெரியுமா?” என்று மகள் ஆரம்பிப்பாள். தெரியும். நூறு கிராம் பச்சைக் கேலில் சுமார் 35 கலோரிதான். வைட்டமின் சி 90 மில்லிகிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு அது போதும். வைட்டமின் கே ஆணுக்கு நாளொன்றுக்கு 120 மைக்ரோகிராம் என்றால், இதில் மூன்று நாள் கோட்டா இருக்கிறது. கண்ணுக்கு நல்லது என்று சொல்லப்படும் லூட்டீனும் தாராளம்.

கால்சியம் விஷயத்தில் நானே கேலுக்கு வக்காலத்து வாங்குவேன். பாலக்கிலும் கால்சியம் உண்டு. ஆனால் ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முடக்கப்பட்ட கணக்கு மாதிரி, பாஸ்புக்கில் இருக்கும், கைக்கு வராது. கேலில் ஆக்சலேட் குறைவு. 1990-இல் ஹீனியும் வீவரும் நடத்திய பரிசோதனையில் கேலின் கால்சியத்தில் சுமார் 41 சதவீதம் உடம்பில் சேர்ந்தது. பாலில் 32 சதவீதம்தான். ஓய்வுபெற்ற வங்கிக்காரன் என்ற முறையில் இப்படிப்பட்ட வாடிக்கையாளரை நான் மதிக்கிறேன். தினமும் வீட்டுக்கு வரவேண்டுமா என்பதுதான் கேள்வி.

பூங்காவில் என்னோடு நடக்கும் தெலுங்குப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இதய வால்வு மாற்றி, வார்ஃபரின் சாப்பிடுகிறவர். ரத்தம் உறைய உதவுவது வைட்டமின் கே. அதைத் தடுப்பது அந்த மாத்திரை. அதனால் இந்த மாதிரிக் கீரைகளைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். எதற்கு வம்பு என்று வீட்டில் கேலே வாங்குவதில்லை. வால்வு மாற்றிய மனிதரைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைக்கு ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தும் கீரையின் சக்தியை யாராவது ஆராய வேண்டும்.

தலைமுறை தலைமுறையாகக் கேல் தின்கிற ஊர்களில் இந்தக் கஷ்டம் இல்லை. வடக்கு ஜெர்மனியில், ஓல்டன்பர்க் பக்கம், உறைபனி பட்டால் இலையில் சர்க்கரை கூடும் என்று குளிருக்குக் காத்திருப்பார்கள். பிறகு ஒரு கூட்டம் கைவண்டியில் மது பாட்டில்களை ஏற்றிக்கொண்டு, சாலையில் பந்து உருட்டி விளையாடியபடியே நடந்து ஒரு விடுதியில் போய் நுழையும். அங்கே நெடுநேரம் வெந்த கேலும் கொழுப்பு நிறைந்த சாசேஜும் காத்திருக்கும். கடைசியில் ஒருவருக்குக் ‘கேல் ராஜா’ பட்டம். நிறையத் தின்றவருக்கே பட்டம் என்பதும் பல கூட்டங்களில் வழக்கம். லூட்டீன் உடம்பில் ஒட்டக் கொழுப்பு வேண்டும் என்று விஞ்ஞானம் சொல்வதை அவர்கள் படித்துவிட்டுச் செய்யவில்லை. ருசிக்காகச் செய்தார்கள், சத்து தானாகப் பின்னால் வந்தது. எங்கள் வீட்டில் சத்துக்காகச் செய்கிறார்கள். ருசி வர மறுத்துவிட்டது.

கடைசியில் புள்ளிவிவரத்தைக் கையில் எடுத்தேன். இதே நியூஜெர்சியில் உள்ள வில்லியம் பேட்டர்சன் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் டி நோயா, ஒரு கலோரிக்கு எவ்வளவு சத்து என்று காய்கனிகளைக் கணக்குப் போட்டு 2014-இல் தரவரிசை வெளியிட்டார். நூற்றுக்கு நூறு வாங்கியது வாட்டர்கிரெஸ் கீரை. பீட்ரூட் இலை நான்காவது. பாலக் ஐந்தாவது. கடுகுக்கீரை பன்னிரண்டாவது. கேல், 49 மதிப்பெண்ணோடு பதினைந்தாவது. பியான்சே சட்டை போட்ட அதே ஆண்டு!

எங்கள் வீட்டில் பீட்ரூட் வாங்கினால், இலையை நறுக்கி உரத்தொட்டியில் போட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை கேலுக்கு எண்ணெய் தேய்க்கப் போவார். நான்காம் ராங்க் குப்பையில், பதினைந்தாம் ராங்க் தட்டில். சத்துக்கும் புகழுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று பட்டியலை மகளிடம் நீட்டினேன்.

உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். “சூப்பர்ப்பா! இத்தனை நாள் சொல்லவே இல்லையே?” என்று அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள். இனி வரிசைப்படி, ஒன்றாம் ராங்கிலிருந்து, வாரம் இரண்டு கீரையாம். எல்லாம் பச்சையாக.

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பதினைந்தாவதன் முறை வருவதற்குள் எங்கள் ஆறு மாத விசாவில் மிச்சமிருக்கும் நாட்களும் முடிந்துவிடும். கேலை நான் ஜெயித்துவிட்டேன்.