வராத ஐயாவின் அறை

பெறுநர்:
அறை ஒதுக்கீட்டு அதிகாரி அவர்கள்,
அரசு விருந்தினர் மாளிகை.
(எந்தத் துறை, எந்தத் தண்ணீர்க்கரை என்று எழுதினால் அடுத்த முறை வராந்தாவும் கிடைக்காது என்பதால் மீதி முகவரி காலியாக விடப்படுகிறது.)

பொருள்: ஐயா வருகையை முன்னிட்டு நன்றி தெரிவித்தல்.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய அதிகாரி அவர்களுக்கு,

கடந்த சனிக்கிழமை இரவு எட்டரை மணி. முழுப் பணமும் கட்டி, ரசீது வாங்கி, தாழ் போட்டுப் படுக்கப்போன எங்கள் அறைக் கதவு தட்டப்பட்டது. "சார், ஐயா வர்றாகளாம். ரூமைக் கொஞ்சம் ஒதுக்கிக் குடுத்துருங்க" என்றார் வாட்ச்மேன். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. பாவம், ஒரு கையில் சாவிக்கொத்து, மறு கையில் ஐயாவுக்கான புதுப் பெட்ஷீட். அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு விரித்திருந்தது எந்த ஆட்சிக் காலத்துப் பெட்ஷீட் என்கிற யோசனையே வந்தது. ரசீதை நீட்டினேன். அதை விளக்கு வெளிச்சத்தில் பயபக்தியோடு படித்துவிட்டு, "ரசீதெல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. ஐயா வர்றாகள்ல" என்றார்.

நான், என் அக்கா, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் அக்கா மகன், அவன் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் வராந்தாவுக்கு இடம் மாற்றப்பட்டோம். அறையில் ஏசி ஓடியது. விளக்கு எரிந்தது. நாட்டுக்கோழிக் குழம்பு மணத்தது. ஐயா வரவில்லை. விடிந்தும் வரவில்லை.

இதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். தனியார் லாட்ஜில் தங்கியிருந்தால் நாலு சுவரைத்தான் பார்த்திருப்போம். தங்கள் தயவால் விடிய விடிய வானத்தைப் பார்த்தோம். ஹூஸ்டனில் பிறந்த பிள்ளைகள் கொசுவர்த்திச் சுருளைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டார்கள். இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள்?

அக்கா மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு ஸ்கூபா கிறுக்கு. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன் பார்க்கப் போகிறவன். லீவு கிடைத்தால் கரீபியன் தீவுதான். தங்குமிடத்தை அவன் தேர்ந்தெடுக்கிற அழகு, பெண் பார்க்கப் போகிற வீட்டார் குலம் கோத்திரம் விசாரிக்கிற மாதிரி இருக்கும். வெனிசுவேலாவுக்கு வடக்கே, டச்சுக்காரர்கள் ஆளுகையில், பொனேர் என்றொரு சின்னத் தீவு. தீவைச் சுற்றியுள்ள கடலை 1979-லேயே பாதுகாக்கப்பட்ட பூங்காவாக்கிவிட்டார்கள். கரையோரச் சாலையில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் கிடக்குமாம். ஒவ்வொன்றிலும் இறங்குதுறையின் பெயர். வண்டியை நிறுத்தி, உருளையை மாட்டி, கல்லுக்கு நேரே கடலில் இறங்கவேண்டியதுதான்.

அங்கே அறை எடுக்கும் முன் அவன் விசாரிப்பது இவ்வளவுதான். வாசற்படியிலிருந்தே இறங்கிப் பார்க்கப் பவளப்பாறை உண்டா? ராத்திரியிலும் உருளை எடுத்துக்கொள்ளலாமா? உப்பேறிய உடுப்பை அலசத் தொட்டி இருக்கிறதா? தொடர்ந்து முழுகினவன் 18 மணி நேரமாவது கழியாமல் விமானம் ஏறக்கூடாது. அந்தக் கடைசி நாளைக் கரையில் கழிக்க ஊர் எப்படி? இத்தனை கேட்டவன், "அங்கே ஐயா வருவாரா?" என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லையாம். மேல்படிப்பெல்லாம் படித்து என்ன பயன்?

"மாமா, இந்த வருஷம் நம்ம ஊர்த் தண்ணியிலயே முங்குவோம்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீருக்குப் பஞ்சமான ஊரா நம்முடையது? பெரியகுளத்துக்கு மேலே கும்பக்கரை. கம்பத்துக்குப் பக்கத்தில் சுருளி. கோம்பைத்தொழுவுக்கு அந்தப் பக்கம் சின்னச்சுருளி. ஆண்டிபட்டிப் பக்கம், 1959-இல் திறந்த, 71 அடி நீர்மட்டம் கொண்ட வைகை அணை. சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறினால் தேயிலைக்கு நடுவே ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று ஏரி ஏரியாகத் தண்ணீர். அந்த மலைப்பாதையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ஒவ்வொரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். அறைகளுக்குத்தான் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். ஐயா.

அந்த ஐயா யார் என்று அறிய ஆசைப்பட்டேன். வாட்ச்மேனைக் கேட்டேன், "ஆபீஸ்லருந்து போன் சார்" என்றார். ஆபீசைக் கேட்டேன், "மேலேருந்து போன்" என்றார்கள். மேலே என்றால் எங்களூர்க்காரர்களுக்கு ஒரே அர்த்தம்தான், குமுளி. லோயர் கேம்ப்பைத் தாண்டி மலை ஏறினால் சில கிலோமீட்டரில் கேரளம். இறங்கின இடத்தில் ஹோம்ஸ்டே. வாசலில் வாடகை எழுதிப் போட்டிருக்கிறார்கள். காலி இருந்தால் இருக்கிறது என்கிறார்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டைக் கைகாட்டுகிறார்கள். தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக, ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரமும் எடுத்துக் கொடுத்துவிட்டு நம் வயலுக்குத் தண்ணீர் வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லும் அதை நம்பித்தான். தண்ணீர் அங்கிருந்து இங்கே இறங்கி வருகிறது. தூங்குவதற்கு நாம் இங்கிருந்து அங்கே ஏறிப் போகிறோம். இதைவிடச் சமத்துவமான நதிநீர்ப் பங்கீடு உலகில் வேறெங்கே உண்டு?

அந்தத் தண்ணீருக்காக 1886-இல் திருவிதாங்கூர் மகாராஜாவிடம் சென்னை மாகாணத்துக்கு இடம் பிடித்த வெள்ளைக்காரர்கள் ரொம்பவும் விவரமானவர்கள். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், 999 ஆண்டு குத்தகை என்று எழுதி வாங்கினார்கள். ஒரு ராத்திரிக்கு என்று எழுதியிருந்தால் எட்டரை மணிக்குக் கதவைத் தட்டியிருப்பார்கள். ஆகவே தங்களிடம் 999 ஆண்டுக்கான விண்ணப்பப் படிவம் இருந்தால் ஒன்று அனுப்பவும். அதில் முதல் 998 ஆண்டையும் ஐயாவுக்கே விட்டுத்தருகிறேன். கடைசி ஆண்டில், பள்ளி லீவு விடும் வாரத்தில், ஒரே ஒரு ராத்திரி போதும்.

அந்த இடத்தில் அணை கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கை நினைத்துப் பார்க்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் அவர் படம் மாட்டாத வீடும் கடையும் குறைவு. ஜனவரி 15 அவர் பிறந்தநாள். பொங்கலோடு சேர்த்து அவருக்கும் பொங்கல் வைக்கிறோம். காட்டுக்குள் மலேரியாவோடும் வெள்ளத்தோடும் மல்லுக்கட்டி 1895-இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்தவர். லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபம் கட்டி வெண்கலச் சிலையும் வைத்தாயிற்று. அந்த மனிதரே இன்றைக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தங்கள் மாளிகை வாசலில் வந்து நின்றால் என்ன நடக்கும்? "துரை, ஐயா வர்றாக" என்பார் வாட்ச்மேன். அவரும் வராந்தாவில்தான். நல்லவேளை, சிலைக்குக் கொசு கடிக்காது.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை என்கிறார்கள், சரி. வழியில் யானை நின்றால் தடை, அதுவும் சரி. மேகமலை இப்போது புலிகள் காப்பகம், 2021-இல் அறிவித்தார்கள். பொழுது சாய்ந்தபின் அந்த மலைப்பாதையில் வண்டி விடாததும் நியாயம்தான். காடு விலங்குகளின் வீடு. அவற்றுக்கு முன்பதிவு தேவையில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் இறங்க முடியாத இடத்தில், மேலே அறை உண்டா இல்லையா என்பது கீழேயே தெரிய வேண்டாமா?

எனக்குத் தெரிந்து, சொல்லாமல் கொள்ளாமல் கம்பத்துக்கு வந்து, நிஜமாகவே வந்து, அரசு மரியாதை அத்தனையும் பெற்ற பெரும்புள்ளி ஒருவர்தான். அரிக்கொம்பன் என்கிற காட்டு யானை. 2023 மே 27-இல் ஊருக்குள் நுழைந்தார். 144 தடை உத்தரவு போட்டார்கள். கும்கி வந்தது, மருத்துவர்கள் வந்தார்கள். ஜூன் 5-இல் மயக்க ஊசி போட்டு, லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறை வரை அரசு செலவில் கொண்டுபோய் விட்டார்கள். இடையில் ஓர் உயிர் போனது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாட்களில் யானை எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று மணிக்கு மணி ஊருக்குச் சொன்னார்கள். கேரளத்தார் அதன் கழுத்தில் கட்டிவிட்ட ரேடியோ காலரை வைத்து இதைக் கண்டுபிடித்த அரசாங்கத்துக்கு, ஐயா கிளம்பிவிட்டாரா, ஆண்டிபட்டி கணவாய் தாண்டிவிட்டாரா என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. காலர் ஒன்று மிச்சம் இருந்தால் ஐயாவுக்குப் பரிசீலிக்கலாம் என்பது என் பணிவான யோசனை.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி ஒன்று.

என் அக்காவுக்கு வயது அறுபத்தெட்டு. சர்க்கரை இருக்கிறது. ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டும். அறையோடு சேர்ந்த கழிவறையும் ஐயாவுக்கு. வெளியில் இருந்த பொதுக் கழிவறைக்குப் பூட்டு. சாவி கேட்டால், "அது ஐயாவோட ஆளுகளுக்கு" என்றார்கள். அக்கா பேத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில், புதருக்குப் பின்னால் போனாள். யானை நடமாடும் காட்டோரம் அது. வரி கட்டுகிறவள் அவள். அந்தக் கட்டிடம் அவள் பணம். ஆளில்லாத அறையில் ஏசி ஓடிக்கொண்டிருக்க, ஒரு கிழவியைப் புதருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். உங்களுக்கு வெட்கமாக இல்லையா? ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆற்றங்கரைக்கும் அருவிக்கரைக்கும் திதி கொடுக்க வருகிற எத்தனை பெண்கள் இதே புதருக்குப் போகிறார்கள் என்று ஒருநாளாவது யோசித்தீர்களா?

மன்னிக்கவும். குரல் உயர்ந்துவிட்டது. வராந்தாவில் படுத்ததால் தொண்டை கட்டிக்கொண்டது; அதுதான் காரணமாக இருக்கும். தங்கள் நிர்வாகத் திறமையில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. வராத ஒருவருக்காக இத்தனை ஏற்பாடும் செய்யத் தெரிந்தவர்கள், வந்தவர்களுக்கு மட்டும் செய்ய மாட்டீர்களா என்ன?

மறுநாள் காலை கிளம்பும்போது அக்கா மகன் ஒன்றும் சொல்லவில்லை. கம்பம் வந்து வழியோரத் தோட்டத்தில் பன்னீர் திராட்சை வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் வாயைத் திறந்தான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். "திராட்சை எந்த ஊர்துன்னு சர்டிபிகேட் குடுக்குறாங்க மாமா. ரூம் யாருதுன்னு ஒரு ரசீதை மதிக்க மாட்டேங்கிறாங்க" என்றான். அன்றிரவு குமுளியில் தங்கினோம். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து, சாவியை என் கையில் கொடுத்தார். பழக்கதோஷத்தில் நான் கேட்டேன், "ஐயா யாரும் வருவாங்களா?" என்று. அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

ஆகவே, அதிகாரி அவர்களே, கோடி ரூபாய் திட்டமெல்லாம் கேட்கவில்லை. பவளப்பாறை வேண்டாம், மஞ்சள் கல் வேண்டாம். கேட்பது மூன்று. ஒன்று, மாளிகை வாசலில் ஒரு பலகை: மொத்தம் எத்தனை அறை, இன்று எத்தனை காலி, வாடகை எவ்வளவு. மலைமேல் இருக்கும் அறைகளுக்கு அதே பலகை அடிவாரத்துச் சோதனைச் சாவடியிலும் இருக்கட்டும். இரண்டு, ஐயாவுக்கு ஒதுக்கிய அறையில் மாலை ஆறு மணிக்குள் ஐயா வராவிட்டால், வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்கு அது போக வேண்டும். ஐயா தங்கக்கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அவரும் எங்களைப்போல் பணம் கட்டட்டும், ரசீது வாங்கட்டும், பழைய பெட்ஷீட்டில் படுக்கட்டும்.

மூன்றாவதற்கு டெண்டர் வேண்டாம், கமிட்டி வேண்டாம், மேலேயிருந்து போனும் வேண்டாம். அந்தப் பொதுக் கழிவறையின் பூட்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வராந்தாவில் தங்கிய வரி செலுத்துநர்,
கம்பம் பள்ளத்தாக்கு.