கர்னலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே கல்

கேள்வி: போரில் மாண்ட வீரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க ஆசை. ஏற்காட்டிலிருந்து எங்கே போகலாம்?
(ஏற்காடு வாசகர்)

பதில்: காபித் தோட்டம் என்றால் சேர்வராயன் மலையிலேயே காரியம் முடிந்திருக்கும்! இதற்குக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, சேலத்தில் ரயில் பிடித்து, சென்னை நந்தம்பாக்கம் வரவேண்டும்.

அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டம் 1952இல் அமைத்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். பல ஊர்களில் பராமரிக்க வழியில்லாத கல்லறைகளிலிருந்தும் கொண்டுவந்து சேர்த்தார்கள். வரிசை பிசகாத கற்கள்; பெயர், படைப்பிரிவின் சின்னம். கர்னலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு. உயிரோடு இருந்தபோது ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்!

ஆனால் இந்தச் சமத்துவம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அதே போரின்போது சயாம் ரயில்பாதை போட்டுச் செத்த போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள். அதே பாதையில் மடிந்த பல்லாயிரம் மலாயாத் தமிழர்களுக்கு அங்கே ஆளுக்கொரு கல் கிடையாது. அவர்கள் சிப்பாய்கள் இல்லையாம், கூலிகளாம்.